அம்மா காத்த கண்ணாடி

எங்கள் வீட்டுச் சுவரில் சர்க்கார் கண்ணாடி பதித்த அன்று அப்பா ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டார். அவர் ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. என் கல்யாணத்துக்கு மறுநாளே மேசைக்குப் போய் உட்கார்ந்தவர். அப்படிப்பட்டவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி பதிப்பவர்களுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகளைவிடச் சுவர்தான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று அம்மா முணுமுணுத்தாள்.

நான் அப்போது தலைப்பிரசவத்துக்காகக் கிள்ளானில் மாமியார் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். தாய்வீடு என்றால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே குடியிருப்பு. ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் வரிசையில் கடைசி வீடு. வீட்டின் பின்புறம், கோழிக்கூண்டுக்கு அப்பால், பெரிய வடிகால் ஒன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஊர் மிதக்காமல் இருப்பதற்காக என்று சொன்னார்கள். பள்ளம் ஒரு வீட்டை இறக்கி வைக்கும் ஆழம். இரண்டு பக்கமும் பலகை அடித்து, மண் சரியாமல் குறுக்குக் கட்டைகள் கொடுத்திருந்தார்கள். ஊறும் நீரை இறைக்க ஒரு பம்பு பகலெல்லாம் இருமிக்கொண்டே இருக்கும்.

பள்ளம் ஆழமாக ஆக, எங்கள் வீட்டுச் சுவர்களில் மயிரிழை போலக் கீறல்கள் தெரிந்தன. வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் வந்து பார்த்தார். இளவயதுத் தமிழர்; தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். ஒவ்வொரு கீறலுக்கும் குறுக்கே விரலகலக் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டில் பதித்தார். கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, பின்னறையில் ஒன்று.

"செவுரு அசைஞ்சா நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா. கண்ணாடிக்குத் தெரியும். அது வளையாது, நீளாது, ஒடஞ்சிடும். ஒடஞ்சா உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்க. வீட்டைக் காலி பண்ணணும்" என்றார்.

இத்தனையும் அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். கண்ணாடி உடைந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஆகவே கண்ணாடி உடையக்கூடாது. அம்மாவின் கணக்கு எப்போதும் இப்படித்தான், நேராகப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

அன்றிலிருந்து அந்த மூன்று சில்லுகளுக்கும் அம்மா காவல் காக்க ஆரம்பித்தாள். அம்மிக்கல்லை அடுப்படியிலிருந்து எடுத்து அடுத்த வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். உலக்கை பிடிக்கக் கூடாது. கதவை அறைந்து சாத்தக் கூடாது. அப்பாவுக்குக் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல் வரும். அதற்கு அவர் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சில்லுகளை அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதால், மூன்றுக்கும் ஓரத்தில் கருப்புப் பொட்டு ஒன்று வைத்துத் திருஷ்டி கழித்தாள். வாரம் ஒருமுறை ஒரு துரை வந்து முக்காலியில் ஒரு குழாயை ஏற்றி வைத்து, ஒற்றைக் கண்ணால் எங்கள் வீட்டைப் பார்ப்பார். வீடு உள்ளே இறங்குகிறதா என்று அளக்கிறாராம். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டை இப்படிக் குறுகுறுவென்று பார்க்க இவனுக்கென்ன வந்தது என்று அம்மா சன்னலை எல்லாம் சாத்திவிடுவாள்.

"செவுரே விழுந்தாலும் கண்ணாடி மட்டும் ஒடயாது, உங்கம்மா இருக்கற வரைக்கும்" என்று அப்பா என்னிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அடுப்படியில் இருந்தவளுக்குக் கேட்டுவிட்டது. அன்று அவருக்கு ரசத்தில் உப்பில்லை.

அம்மாவுக்கு இவ்வளவு பதற்றம் ஏன் என்று நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: என் மாமியார். வீட்டைக் காலி பண்ணினால் நான் கிள்ளானுக்குத்தான் திரும்ப வேண்டும். தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் என்றால் ஊர் என்ன பேசும்? மகளுக்கு ஒரு பிரசவம் பார்க்கத் துப்பில்லை என்று பேசும். பேசாவிட்டாலும் என் மாமியார் பேசாமல் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். வளைகாப்பு முடிந்து அம்மா என்னை அழைத்துப்போக வந்தபோதே மாமியார் அவளிடம், "அங்க குழி தோண்டறாங்களாமே, இங்கயே பாத்துக்கலாமே" என்று கேட்டிருந்தார். அம்மா அதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டு ரயிலேறியவள்.

பிரசவம் பின்னறையில்தான். வெளிச்சம் அதிகம் வராத அறை அது ஒன்றே. பள்ளத்தை ஒட்டிய சுவரும் அதுவே. வலி வந்து நான் ஊரைக் கூட்டியபோது, மருத்துவச்சி "கத்துடி, நல்லா கத்து" என்கிறாள். அம்மா என் வாயருகே குனிந்து, "பல்லைக் கடிச்சுக்கோடி கண்ணு, கண்ணாடி வச்ச செவுரு" என்கிறாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மாத்திரத்தில் மகள் பிறந்தாள் என்று மருத்துவச்சி பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

குழந்தை பிறந்ததும் ஒரு சிக்கல் வந்தது. அதை ஓவர்சியருக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பிள்ளை பெற்ற அறைக்குள் முப்பது நாள் தீட்டு. ஆண்பிள்ளை வாசம்கூட ஆகாது. என் சொந்த அப்பாவே வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் "பாப்பா தூங்குதா?" என்று கேட்பார். ஓவர்சியரோ தினம் காலையில் வந்து கண்ணாடியைப் பார்த்தாக வேண்டும். கூடத்துச் சில்லைப் பார்ப்பார், அடுப்படிச் சில்லைப் பார்ப்பார், பிறகு திரைக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமுவார்.

"அம்மா, அந்த ரூம்பு கண்ணாடி..."

"நல்லா இருக்கு தம்பி. காப்பி குடிக்கிறீங்களா?"

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று போய்த் துரையிடம் ஒப்பித்திருப்பார். முக்காலி, குழாய், அளவுகோல் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, அந்த ஒரு சுவரைப் பொறுத்தவரை சர்க்காரின் கருவி என் அம்மாதான். முறுக்கு சுடும் நாளில் ஓவர்சியர் திரைக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பதும் உண்டு.

எனக்கு உள்ளே வேறு வேலை கிடையாது. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மருந்து உருண்டை, சாம்பிராணிப் புகை. காதில் பஞ்சு. காற்று படக்கூடாது, ஈரம் படக்கூடாது, தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்துதான். சன்னலை இழுத்துச் சாத்தி வைத்திருப்பாள் அம்மா. ஆனால் நாளாக ஆக அந்தச் சன்னல் சரியாகச் சாத்த வரவில்லை. மேலே இடிக்கும், கீழே இடைவெளி விடும். மழை ஈரத்தில் பலகை ஊதிவிட்டது என்று அம்மா கத்தியால் சீவினாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் இடித்தது.

அந்த இடைவெளி வழியாகப் பள்ளத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. தலையில் துணி கட்டிய சீனப் பெண்கள் காவடித் தண்டில் மண் சுமந்து பலகைமேல் ஏறி வருவார்கள். அதில் ஒருத்தி முதுகில் கைக்குழந்தையைக் கட்டியிருந்தாள். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அங்கே அவள் மழையில் மண் சுமக்கிறாள். இங்கே எனக்குக் காற்று பட்டால் சன்னி வந்துவிடுமாம். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க ஒடம்பு வேற" என்றாள். அன்று சாயங்காலம் இரண்டு மருந்து உருண்டைகளை வாழையிலையில் மடித்து, பின்கதவு வழியாக யாருக்கோ கொடுப்பது எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் பார்க்கிறேன், கண்ணாடிச் சில்லின் மேல் பழைய சிவப்புப் புடவைத் துண்டு ஒன்று தொங்குகிறது. கேட்டால், "கண்ணாடி மினுக்குது, பாப்பா கண்ணுக்கு ஆகாது" என்றாள். வெளிச்சமே வராத அறையில் அது எப்படி மினுக்கும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. பத்தியச் சோறு தின்றால் புத்தியும் பத்தியத்தில் இருக்கும் போலிருக்கிறது, மேலே கேட்கவில்லை.

அடுத்து வந்த ஒரு மத்தியானம், அம்மா வெந்நீர் விளாவப் போயிருந்தாள். குழந்தையின் முகத்தில் பொடிப்பொடியாக என்னவோ விழுந்திருந்தது. சுண்ணாம்பு. துடைத்துவிட்டு எழுந்து போய்ப் புடவைத் துண்டைத் தூக்கிப் பார்த்தேன்.

சில்லு நடுவில் உடைந்திருந்தது. உடைந்த இடத்தின் மேல் அம்மா சோற்றுப் பசை தடவி ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தாள், கிழிந்த கடித உறையை ஒட்டுவது போல. அந்தக் காகிதமும் கிழிந்திருந்தது. அதன் மேல் இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தாள். அதுவும் கிழிந்திருந்தது. ஓவர்சியர் வைத்தது ஒரு கருவி. என் அம்மா தன்னை அறியாமல் இரண்டு கருவி வைத்திருந்தாள். மூன்றும் ஒரே சேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அதைக் கேட்காமல் இருக்க மேலே புடவை போர்த்தியிருந்தாள்.

அம்மா வெந்நீர் அண்டாவோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அது வெயிலுக்கு விரிஞ்சது" என்றாள்.

"இந்த ரூம்புல ஏதும்மா வெயிலு?" எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஒங்க வீம்புக்கு எம்புள்ள தலையில செவுரு விழணுமா? அத்தை ஒரு பார்வை பாத்துட்டா என்ன கொறஞ்சு போயிடும்?"

அண்டாவைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒங்கத்தை என்னடி பெரிய இவ. அவளுக்காகவா பண்ணேன்? எனக்கு மொதப் புள்ள ரவாங் ரப்பர் தோட்டத்துல, கூலிக்காரங்க லயத்துல பொறந்துச்சு. கப்பலேறி வந்த வருசம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்கு. ஒரு சுடுதண்ணி வச்சுத் தர ஆளில்ல. ஒங்கப்பா பால்வெட்டுக் கணக்கெழுதப் போயிட்டாரு. அது ஆம்பளப் புள்ள. தங்கல. ஒனக்குன்னு ஒரு தாய்வீடு இருக்கு, நான் உசுரோட இருக்கேன். பாதியில தூக்கிக்கிட்டுப் போன்னு எப்படிடி சொல்லுவேன்?"

நான்தான் வீட்டுக்கு மூத்தவள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"ஓவர்சியர்கிட்ட சொல்லிடும்மா" என்றேன்.

"காலையில பாத்துக்கலாம்" என்றாள்.

காலையில் ஓவர்சியர் வந்தார். கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், திரைக்கு முன்னால் வந்து செருமினார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா சொல்லிவிடுவாள் என்றுதான் நம்பினேன்.

"அம்மா, அந்த ரூம்பு கண்ணாடி..."

அம்மா டம்ளரில் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

"நல்லா இருக்கு தம்பி. காப்பி..."

"ஒடஞ்சு போச்சு அண்ணே!" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். பிரசவத்தில்கூட நான் அப்படிக் கத்தவில்லை. "ஒடஞ்சு நாளாச்சு! ஒட்டி வச்சிருக்காங்க, அதுவும் கிழிஞ்சு போச்சு!"

தீட்டுக்காரி அந்நிய ஆணிடம் குரல் கொடுப்பதா? கூடத்தில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. ஓவர்சியர், "இது... யாரு பேசறது?" என்று கேட்டார். சுவர் பேசுகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

"நான்தான் அண்ணே, புள்ள பெத்தவ. உள்ள வந்து பாருங்க!"

அம்மா திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். "தீட்டு தம்பி" என்றது கேட்டது. ஓவர்சியர் தயங்கினார். அவர் துரைக்குப் பயந்ததைவிட என் அம்மாவுக்குத்தான் அதிகம் பயந்தவர். ஆனாலும் அன்று, "நான் போயி தலைக்குக் குளிச்சுக்கறேன்மா" என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தொப்பியை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, என்னையோ குழந்தையையோ பார்க்காமல், நண்டு போலச் சுவரோரமாகவே நகர்ந்து போனார். புடவைத் துண்டைத் தூக்கினார். கீறலில் சுண்டுவிரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று.

தொப்பி இறங்கிவிட்டது. என்னை நேராகப் பார்த்தார்.

"தங்கச்சி, புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளிய வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். பம்பு நின்றது. வரிசை வீடுகள் காலியாயின. அப்பா கிள்ளானுக்குத் தந்தி கொடுத்துவிட்டு ஆபீசிலிருந்து வந்து எங்களை ரயிலில் ஏற்றிவிட்டு, சாமான்களைப் பார்க்கத் திரும்பினார். அம்மா எனக்குத் துணையாக வந்தாள். மருந்துப் பானை, சாம்பிராணித் தட்டு, வெந்நீர் அண்டா எல்லாம் கூடவே வந்தன. வழி முழுக்க அம்மா குழந்தையின் காதில் பஞ்சு இருக்கிறதா என்று மட்டும் நிமிடத்துக்கொரு தரம் பார்த்தாள்.

மாமியார் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். அந்தப் பார்வையை எதிர்பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அம்மாவின் கையிலிருந்த அண்டாவை வாங்கிக்கொண்டு, "வாங்க சம்பந்தி. பின்கட்டு ரூம்பு கழுவி வச்சிருக்கேன். முப்பது நாளு முடியற வரைக்கும் அது ஒங்க வீடு. என்ன வேணும்னு வெளிய இருந்து கேப்பேன், உள்ள வரமாட்டேன்" என்றார்.

அம்மா பின்கட்டுக்குப் போனதும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியில் சன்னலோரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"சம்பந்தி, இங்க ஒரு கீறல் இருக்கே" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நான் என்னவென்று சொல்ல.

"அது நான் கல்யாணமாகி வந்தப்பவே இருக்கு" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

அடுத்த நல்ல மழைக்கு மறுநாள் அப்பா கிள்ளானுக்கு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஒங்கம்மாகிட்ட சொல்லு, செவுரு விழுந்தாலும் கண்ணாடி மட்டும்..." என்று வழக்கம்போல ஆரம்பித்தார். முடிக்க வரவில்லை. பின்னறைச் சுவர் மழையில் உள்பக்கமாகச் சரிந்துவிட்டது என்றார். கட்டில் இருந்த இடத்தில் இப்போது செங்கல்தான் இருக்கிறது என்றார். கட்டிலைப் பார்க்க முடியவில்லை என்றார்.

அம்மா மணையைப் போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டி, குழந்தையை வாங்கிக் கால்மேல் கிடத்தினாள். குளிப்பாட்டும் நேரம்கூட ஆகவில்லை. நெற்றியில் கை வைத்துக் கண்ணில் படாமல் வெந்நீரை ஊற்றினாள்.

"தீட்டோட ஆம்பளகிட்ட பேசினது தப்பு" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

"சரிம்மா" என்றேன்.

இன்னொரு சொம்பு ஊற்றினாள். தண்ணீர் குழந்தையின் வயிற்றைத் தாண்டித் தரையில் போயிற்று.

"கொஞ்சம் முந்தியே பேசித் தொலைச்சிருக்கலாம்" என்றாள்.

துவட்டி முடித்த பிறகும் குழந்தையை என்னிடம் தரவில்லை. அது பாலுக்கு அழும்வரை தன் மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள்.